நாயும் நட்பும்



1995 ஒக்டோபரில் வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, மாணவனாயிருந்த நான் எங்கள் நாயை நீர்வேலி வீட்டில் அவிழ்த்துவிட்டுப் போனேன். 1996இல் திரும்பியபோது அது இல்லை.

நாயைப் போன்ற நட்பைத் தேடிக்கொள்ளச் சொல்கிறது நாலடியார். அதைப் படிப்பிக்கும் போதெல்லாம் என் குரல் தளரும். அந்த நட்பில் தவறியது நாயல்லவே!

சென்ற மாதம் வாழைத்தோட்ட வரம்பில் அலைந்த நாயொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியும் போடுவித்தேன். இரண்டு நாள் அது சோற்றைத் தொடவில்லை. மாட்டுக்கொட்டில் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கூப்பிடாமல், தடவாமல், சற்றுத் தள்ளிக் குந்தியிருந்தேன். மூன்றாம் இரவு மெல்ல வந்து என் காலடியில் படுத்தது.

அடைக்கலம் கொடுப்பவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. அகதியாய் இருந்தவனுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?