நெல்லுக்கு நாக்கு உண்டு



இன்று புல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். புல்லில் பேச என்ன இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். நாம் சாப்பிடும் நெல்லும் புல்தான். கோதுமை, கேழ்வரகு, கரும்பு, மூங்கில் எல்லாமே புல் குடும்பம்.

முதன்முதலாகக் களை பறிக்கப் போனபோது எனக்கு வயது 16. நெல்லைப் பிடுங்கி எறிந்தேன். களையை வயலிலேயே விட்டுவிட்டேன். அன்று எனக்கு அரைக் கூலிதான். அம்மாவுக்கும் திட்டு விழுந்தது.

அந்தக் களை, நாம் உண்ணும் குதிரைவாலிக்கு உறவான ஒரு புல். தமிழ்நாடு, கேரளம், வங்காளம், பஞ்சாப் என்று நெல் விளையும் இடமெல்லாம் அது உண்டு. இளம் பயிராக இருக்கும்போது நெல்லைப் போலவே நிற்கும். நெல்லுக்குப் போட்ட உரத்தைத் தின்னும். நாம் அறுப்பதற்கு முன்பே விதையைக் கொட்டிவிடும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் கொட்டும்.

இதோ, வளர்ந்த நெல் தண்டு ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். தடவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருக்கிறதே, அதுதான் கணு. கரும்பில் பெரிதாகத் தெரியும். கணுவுக்கு ஓர் இலை புறப்படுகிறது. அது உடனே விரிவதில்லை. முதலில் சட்டைக் கை போலத் தண்டைச் சுற்றிக்கொள்கிறது. இது இலையுறை. அதற்கு மேல் விரிந்து நிற்பது இலைத்தாள்.

உறை முடிந்து தாள் தொடங்கும் இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாக, மெல்லிய தோல் போல ஒன்று நிற்கிறதா? அதன் பெயர் இலைநாக்கு. நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதே இடத்தில், இரண்டு ஓரத்திலும் மயிரோடு கூடிய சிறு கொக்கிகள் இருக்கின்றன. அவை இலைக்காதுகள்.

நெல்லுக்கு நாக்கும் உண்டு, காதும் உண்டு. என் கூலியைக் குறைத்த அந்தக் களைக்கு இரண்டும் இல்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

முற்றிய இலையில் காது உதிர்ந்து போகலாம். அதனால் மேல் இலையைப் பாருங்கள். காட்டு நெல்லிடம் இந்தச் சோதனை செல்லாது. அதுவும் நெல் இனம்தான், அதற்கும் நாக்கு உண்டு. கோரை வேறு. அது புல்லே இல்லை. தண்டை விரலில் உருட்டினால் பெரும்பாலும் மூன்று முனை தட்டுப்படும். கணு முடிச்சு தெரியாது.

இந்த இரண்டு இளம் பயிர்களில் ஒன்று நெல், ஒன்று களை. கை மாற்றிப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் விளக்குப் பக்கம் வாருங்கள். பார்த்தவர்கள் சிலேட்டில் எழுதுங்கள்: நாக்கு உண்டா, இல்லையா?