எல்லாரும் கத்தினா யாருக்குக் கேட்கும்? நாடுகாணியிலிருந்து ஒரு வைஃபை பாடம்



போன்ல நாலு கோடும் முழுசா நிக்குது. ஆனா யுபிஐ பேமெண்ட் சுத்திக்கிட்டே இருக்கு, வாட்ஸ்அப்ல ஒத்தை டிக். "சிக்னல்தான் ஃபுல்லா இருக்கே, அப்புறம் ஏன் நெட் வரல?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே நம்மில் இருக்க முடியாது. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான். ஆனா சென்னை ஃபிளாட்டிலிருந்து ஆரம்பிக்காம, நீலகிரியின் ஓர் எல்லை ஊரிலிருந்து ஆரம்பிக்கலாம். ஊர் பேர் நாடுகாணி.

கூடலூரிலிருந்து வரும் சாலை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர் பக்கம் போகும். இன்னொன்று சுரம் இறங்கி கேரளாவின் வழிக்கடவு, நிலம்பூருக்குப் போகும். பேரைப் பாருங்க: நாடு காணி. கீழே விரியும் நாட்டைக் காணும் இடம்னு பேரே சொல்ற மாதிரி இருக்கு.

இந்தச் சின்ன ஊர் வழியாகத்தான் மலப்புரம், கோழிக்கோடு பக்கத்திலிருந்து ஊட்டிக்கு வர்ற வண்டிகள் நிறைய ஏறுது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடை சீசனுக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000 வண்டின்னு வரம்பும் வந்தது. நாடுகாணியிலும் ஓர் எல்லைச் சோதனைச் சாவடி உண்டு.

இப்போ நினைச்சுப் பாருங்க. மே மாத ஞாயிற்றுக்கிழமை, சாவடியில் வண்டி வரிசை. ஒவ்வொரு வண்டியிலும் நாலு போன். ஒருத்தர் இ-பாஸ் கியூஆர் கோடைத் திறக்கிறார், ஒருத்தர் மேப் பார்க்கிறார், பின்சீட்ல வீடியோ ஓடுது. இதே கூடலூர் வனக்கோட்டத்துல யானை நடமாட்டத்தைக் கண்காணிக்க வனத்துறை செயற்கை நுண்ணறிவு கேமராக்களை வச்சிருக்கு. அதற்கான கட்டுப்பாட்டு மையமும் நாடுகாணியில்தான். யானை ரோட்டுக்கு வந்துருச்சுன்னு கேமரா கண்டுபிடிச்சா மட்டும் போதாது. அந்தத் தகவல் யாரோ ஒருத்தர் கையில இருக்கிற போனுக்கு நேரத்துல போய்ச் சேரணும். ரீல் ரெண்டு நிமிஷம் தாமதமானா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இந்தத் தகவல் தாமதமானா ஆகும்.

கோடு எதைக் காட்டுது?

ஒரு கல்யாண மண்டபத்துல உட்கார்ந்திருக்கீங்க. நாதஸ்வரம் ஓடுது. பக்கத்துல இருக்கிற சித்தப்பா ஏதோ சொல்றார். அவர் குரல் கேட்குது, வார்த்தை புரியல. உங்க போன்ல தெரியிற கோடு பெரும்பாலும் சித்தப்பா எவ்வளவு சத்தமா பேசுறார் என்பதைத்தான் சொல்லும். சுத்தி இருக்கிற சத்தத்தோட ஒப்பிட்டா அவர் பேச்சு எவ்வளவு தெளிவா இருக்கு என்பதைச் சொல்லாது. நெட் வேகத்தைத் தீர்மானிக்கிறது அந்தத் தெளிவுதான்.

இதுல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு நெரிசல்: ஒரே டவரை நிறைய பேர் பங்கு போட்டுக்கிறது. இன்னொண்ணு குறுக்கீடு: ஒரே அலைவரிசையில வேற வேற நெட்வொர்க் ஒன்றின் மேல் ஒன்று பேசுறது. நெரிசலுக்கு இன்னொரு டவர் போடலாம். ஆனா குறுக்கீடு இருக்கிற இடத்துல யோசிக்காம இன்னொரு டவர் போட்டா, மண்டபத்துல இன்னொரு மைக் வச்ச கதைதான்.

உயரத்தில் இருந்தால் நல்லதுதானே?

நம்ம உள்ளுணர்வு அப்படித்தான் சொல்லும். ஆனா நாடு காணும் இடத்துல நிக்கிற போனுக்கு நாடே கேட்கும். கீழே சமவெளியில இருக்கிற டவர்கள், எதிர்ச்சரிவு டவர்கள், எல்லாமே மரமோ கட்டடமோ மறைக்காம நேரா வந்து சேரலாம். ஆளைப் பார்க்க முடிஞ்சா அவர் இரைச்சலும் வரும். அதனாலதான் டவர் ஆன்டெனாவை நேரா நிமிர்த்தி வைக்காம, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். தன் ஊருக்கு மட்டும் பேசு, அடுத்த ஊர் காதுல கத்தாதே என்பதுதான் அந்தச் சாய்வின் அர்த்தம்.

இதே மாவட்டத்துல இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. 326.5 மெகாஹெர்ட்ஸை மையமா வச்சு விண்ணிலிருந்து வரும் மிக மிக மெல்லிய அலைகளைக் கேட்குது. அந்த மாதிரி ஒரு காதுக்குச் சுத்தியிருக்கிற மலை இடைஞ்சல் இல்லை, மதில். மனிதர்கள் எழுப்பும் ரேடியோ இரைச்சலை அது தடுக்குது. உங்க வீட்டுச் சுவரும் அப்படித்தான். வைஃபை வரலன்னு நாம திட்டுற அதே கான்கிரீட் சுவர், பக்கத்து வீட்டு வைஃபையிலிருந்து உங்களைக் காப்பாத்துது.

அலைக்கு செக்போஸ்ட் கிடையாது

நாடுகாணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் மொபைல் அலைவரிசையை 22 சேவைப் பகுதிகளாகப் பிரித்து ஏலம் விடுகிறார்கள். தமிழ்நாடு ஒரு பகுதி, கேரளா இன்னொரு பகுதி. அதனால ஒரு அலைவரிசைத் துண்டு இந்தப் பக்கம் ஒரு கம்பெனி கையில், அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனி கையில் இருக்கலாம். சாவடியில வண்டியை நிறுத்தலாம், அலையை நிறுத்த முடியாது. எல்லையோர டவர்களின் திசையையும் சக்தியையும் ரெண்டு பக்கமும் பேசி ஒத்துக்கொள்வதைத் தவிர வேற வழி கிடையாது.

5ஜியில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 2022 ஏலத்தில் போன 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் டவர் பேசுறதும் கேட்குறதும் ஒரே அலைவரிசையில்தான். நேரத்தைத் துண்டு துண்டாக்கி, கொஞ்ச நேரம் பேசும், கொஞ்ச நேரம் கேட்கும். நம்ம டவர் போனின் மெல்லிய குரலைக் கேட்டுக்கிட்டு இருக்கும்போது பக்கத்து டவர் முழு சக்தியில பேச ஆரம்பிச்சா? அந்த மெல்லிய குரல் மூழ்கிப் போயிடும். தீர்வு என்ன? எல்லா டவரும் செயற்கைக்கோள் கடிகாரத்தைப் பார்த்து ஒரே நேரத்துல பேசணும், ஒரே நேரத்துல கேட்கணும்.

இது ஏதோ புது கண்டுபிடிப்புன்னு நினைக்காதீங்க. இந்தப் பாடம் தமிழ்நாட்டு மலையடிவாரத்துலயே ஏற்கெனவே படிச்சதுதான்.

தேனியில் நடந்தது

2000களின் நடுப்பகுதி. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் சின்னச் சின்ன கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. நோயாளி கிராமத்து மையத்திலேயே உட்கார்ந்திருப்பார், டாக்டர் தேனியிலிருந்து வீடியோவில் பார்ப்பார். அன்றைக்கு அந்த ஊர்களுக்கு வேகமான இன்டர்நெட் கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு ஒன்று, சாதாரண வைஃபை கார்டையும் ஒரே திசையில் பாயும் ஆன்டெனாவையும் வச்சே பல கிலோமீட்டர் தூரத்தை இணைச்சது.

ஆனா சாதாரண வைஃபைக்கு ஒரு குணம் உண்டு. பேசுறதுக்கு முன்னாடி "யாராவது பேசுறாங்களா?"ன்னு காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசலன்னாதான் வாயைத் திறக்கும். நல்ல பழக்கம்தான். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1971இல் ஹவாய்த் தீவுகளை ரேடியோவால் இணைத்த அலோஹாநெட்டில் யாரும் கேட்காமலே பேசினார்கள். மோதினா, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த முறையில் அதிகபட்சமே சுமார் 18 சதவீத நேரம்தான் உருப்படியாகப் பயன்படும். பிறகு வந்தவர்கள் 'முதல்ல கேள், அப்புறம் பேசு' என்று மாத்தினார்கள்.

நெடுந்தூரத்துல அந்தப் பழக்கமே பலன் தராமல் போனது. ஒரே கோபுரத்துல நாலு ஆன்டெனா, நாலு திசைக்கு. ஒண்ணு பேசினா அது பக்கத்து ஆன்டெனா காதுலயே கத்துற மாதிரி. ஐஐடி கான்பூரில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் ஒரு வழி முன்வைத்தார்கள்: கோபுரத்தில் இருக்கிற எல்லா ஆன்டெனாவும் சேர்ந்து பேசட்டும், பிறகு எல்லாம் சேர்ந்து கேட்கட்டும். பெர்க்லி குழு அதை மேம்படுத்தி வைல்ட்நெட் என்ற பெயரில் 2007இல் வெளியிட்டது. அதே கார்டு, அதே ஆன்டெனா. ஆனா வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வேகம். சக்தியைக் கூட்டி வந்த வேகம் இல்ல இது, முறை வச்சுப் பேசினதால வந்தது.

இப்போ உங்க ஃபிளாட்டுக்கு வருவோம்

வீட்டில் வைஃபை பட்டியலைத் திறங்க. இருபது, முப்பது பேர் தெரியுதா? அதுதான் உங்க நாடுகாணி. எல்லாரும் எல்லாரையும் கேட்கிற இடம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை இந்தியா 2005இல் உரிமம் தேவையில்லாததாக்கியது. நம்ம ஊர் புறம்போக்கு மாதிரி: யாருடையதும் இல்லை, எல்லாருடையதும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அங்கேதான் இருக்கு. 13 சேனல் இருக்குன்னு ரௌட்டர் சொல்லும், ஆனா ஒவ்வொன்றும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் நிக்குது. வைஃபைக்குத் தேவை சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். அதனால ஒன்றையொன்று தொடாத சேனல் மூணுதான்: 1, 6, 11.

இங்கே நிறைய பேர் செய்யும் ஒரு காரியம்: "1, 6, 11 எல்லாம் கூட்டமா இருக்கு, நான் புத்திசாலித்தனமா 3 எடுத்துக்கிறேன்." வேண்டாங்க. ஒரே சேனலில் இருக்கிற ரெண்டு ரௌட்டர் ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியும், அதனால முறை வச்சுப் பேசிக்கும். பாதி மட்டும் உரசுற சேனலில் இருந்தா ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்கு வெறும் இரைச்சல். 3ல உட்கார்ந்த நீங்க, 1ல இருக்கிறவரையும் 6ல இருக்கிறவரையும் சேர்த்துக் கெடுக்கிறீங்க. உங்களுக்கும் லாபம் இல்லை.

அடுத்து, சக்தி. ரௌட்டரை முழு சக்தியில வச்சா தூரத்து ரூமிலும் கோடு நிறையும், சரி. ஆனா உங்க போன் அதே அளவுக்குத் திரும்பக் கத்த முடியாது. உரையாடல் ரெண்டு பக்கமும் நடக்கணுமில்லையா? மூணாவது மாடி வரைக்கும் உங்க சிக்னல் போகுதுன்னா அது பெருமை இல்ல. மூணாவது மாடிக்காரர் பேச வேண்டிய நேரத்தை நீங்க எடுத்துக்கிட்டு இருக்கீங்க. பெரிய வீடுன்னா ஒரே ரௌட்டரைக் கத்த விடாம, குறைஞ்ச சக்தியில ரெண்டு வச்சு, நடுவுல கேபிள் இழுங்க.

மூணாவது, பெயர்கள். வீட்டுக்கு ஒண்ணு, கெஸ்ட்டுக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணுன்னு பல வைஃபை பெயர் வச்சிருக்கோம். ஒவ்வொரு பெயரும் வினாடிக்குச் சுமார் பத்து முறை "நான் இங்கே இருக்கேன்"னு அறிவிச்சுக்கிட்டே இருக்கும், அதுவும் பெரும்பாலும் ரொம்ப மெதுவான வேகத்துல. முப்பது வீட்டு அறிவிப்பும் சேர்ந்தா, யாருமே எதுவுமே பார்க்கலன்னாலும் காற்று பிஸி. தேவையில்லாத பெயரை அணைச்சிடுங்க.

நாலாவது, இடம் மாறுங்க. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 2018இல் இந்தியா பெரிய பகுதியை உரிமமின்றித் திறந்துவிட்டது. அது சுவரைத் தாண்ட திணறும், ஆனா நெரிசலான ஃபிளாட்டுல நமக்கு வேண்டியதே அதுதான். 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதிக்கும் 2025 மே மாதம் வரைவு விதிகள் வெளியாகின. அப்புறம், நகராத பொருளுக்கு வைஃபை எதுக்கு? டிவிக்கும் டெஸ்க்டாப்புக்கும் கேபிள் போடுங்க. காற்றை நகர்ற பொருளுக்கு விட்டுவையுங்க.

இது எல்லாத்தையும் நீங்க தனியா செஞ்சா பாதிப் பலன்தான் கிடைக்கும். நாடுகாணியில ரெண்டு மாநிலத்துக்காரங்க பேசி முடிவெடுக்கணும், தேனியில நாலு ஆன்டெனா ஒரே கடிகாரத்துக்கு ஒத்துக்கணும். உங்க அபார்ட்மெண்ட்டுல தேவைப்படுறது அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு மெசேஜ்: "ஒத்தைப்படை ஃப்ளோர் 1, இரட்டைப்படை 6, மொட்டை மாடி கேமரா 11, சரியா?" தண்ணி லாரி, பார்க்கிங் சண்டைக்கு நடுவுல இதையும் போட்டுப் பாருங்க. யார் முதல்ல ஒத்துக்கிட்டாங்க, யார் கடைசி வரைக்கும் ஒத்துக்கலன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல வாசிக்கிறோம்.