பெருமூச்சு என்று சொன்னவர்கள்



போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து உளமருத்துவர்களிடம் வந்தவர்களில் பலர் பயம் என்ற சொல்லோடு வரவில்லை. தலையிடி என்றார்கள். உடம்பு உழைவு, நெஞ்சுப் படபடப்பு, நித்திரை இல்லை என்றார்கள். சிலர் ‘பெருமூச்சு’ என்று ஒரே சொல்லில் நிறுத்திக்கொண்டார்கள். ஷெல் விழுந்த வீட்டைப் பற்றியோ காணாமல்போன மகனைப் பற்றியோ கேட்டால்தான் பேச்சு வரும். கேட்டும் வராத நாட்கள் உண்டு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்த முறைப்பாடுகளை அலட்சியம் செய்யவில்லை. துயரம் உடம்பு வழியாகத்தான் பேசுகிறது என்றால், ஆறுதலையும் உடம்பு வழியாகவே தொடங்கலாம் என்பது அவர் எடுத்த வழி. மெதுவாக மூச்சு விடுதல், தசைகளைத் தளரவிட்டுக் கிடத்தல், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்தல், தியானம் ஆகியவற்றை அவரும் சக மருத்துவர்களும் சிகிச்சையில் சேர்த்தார்கள். உச்சரிக்கும் சொல்லை மருத்துவர் திணிப்பதில்லை. அவரவர் சமயத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். விரல்விட்டு எண்ணக்கூடிய உளமருத்துவர்களே இருந்த ஒரு பிரதேசத்தில், பாயும் கொஞ்சம் அமைதியும் இருந்தால் போதும் என்ற இந்த முறைகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. போரின் மனவடுக்களைப் பற்றி அவர் எழுதிய ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற ஆங்கில நூல் 1998-இல் வெளிவந்தது.

உடலை முதலில் கவனிக்கும் இந்தச் சிகிச்சை முறைகள் உண்மையிலேயே எவ்வளவு உதவுகின்றன என்பதுதான் இந்த உரையின் பொருள்.

வயிற்றைக் கலக்குகிறது, நெஞ்சு அடைக்கிறது, ஈரக்குலை நடுங்கிவிட்டது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றெல்லாம் தமிழில் சொல்கிறோம். இவற்றை வெறும் பேச்சு வழக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன், பூனைகளின் செரிமானத்தை எக்ஸ்ரே வழியாகக் கவனித்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டார். பூனை மிரண்டதும் அதன் இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது. அந்தத் தடத்தைப் பிடித்துப் போனவர், 1915-இல் வெளியிட்ட நூலில் ஆபத்து நேரத்தில் உடல் எப்படித் தயாராகிறது என்று விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, செரிமானம் நிற்கிறது, ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாய்கிறது. எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடல் தனக்குத்தானே இடும் ஆணை அது.

ஆபத்து விலகியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மனவடு பட்டவர்களில் பலருக்கு அது நடப்பதில்லை. 2004 சுனாமி வந்துபோய் எத்தனையோ மாதங்கள் ஆன பிறகும், அலைச்சத்தம் கொஞ்சம் உரத்தால் எழுந்து ஓடத் தயாராகும் கால்களை நாகப்பட்டினக் கரையில் பார்க்க முடிந்தது. ‘எல்லாம் முடிந்துவிட்டது, பயப்படாதே’ என்று அந்தக் கால்களிடம் வாயால் சொல்லிப் பயனில்லை.

வாயால் சொல்லாமல் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு வழியை முறைப்படுத்தியவர் சிகாகோவில் பணியாற்றிய மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். பதற்றத்தில் இருப்பவர்களின் தசைகள், அவர்கள் சும்மா படுத்திருக்கும்போதுகூட இறுகியே இருக்கின்றன என்று அவர் கவனித்தார். அதை மின்கருவிகளால் அளந்தும் பார்த்தார். தசையை முழுமையாகத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தால் பதற்றமும் இறங்கும் என்பது அவர் துணிபு. 1929-இல் வந்த அவருடைய நூல்தான், படிப்படியாகத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சிக்கு மூலம். அவர் கற்றுக்கொடுத்த விதம் மிக நீளமானது. ஒரு தசைத் தொகுதிக்கே நாள்கணக்கில் செலவிடுவார். தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்பே அதைச் சுருக்கி, அச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் தம்முடைய சிகிச்சைக்குள் சேர்த்துக்கொண்டார். இன்று மருத்துவமனைகளில் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் அந்தச் சுருங்கிய வடிவம்.

அதில் ஒரு துளியை இப்போதே செய்து பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டோ அடுப்படியில் நின்றுகொண்டோ கேட்பவர்கள் பிறகு செய்யுங்கள். மற்றவர்கள் வசதியாக உட்கார்ந்து வலது கையை மடியில் வையுங்கள். விரல்களை மடக்கி மூடுங்கள். வலிக்கும் அளவுக்கு வேண்டாம், இறுக்கம் தெரிந்தால் போதும். அந்த இறுக்கம் எங்கெல்லாம் இருக்கிறது? விரல்களில், மணிக்கட்டில், முன்கையில். ஐந்து எண்ணுங்கள். இப்போது விட்டுவிடுங்கள். மெதுவாக விரிக்காமல், ஒரே கணத்தில் கையை அப்படியே விழ விடுங்கள். இப்போது இடது கையையும் வலது கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலது கை சற்றே கனமாக, வெதுவெதுப்பாகத் தோன்றினால், ஜேக்கப்சன் தேடியது அந்த வித்தியாசத்தைத்தான். இறுக்கம் எது, தளர்வு எது என்று உடம்புக்கே அடையாளம் தெரிந்துவிட்டால், பேருந்தில் நிற்கும்போதோ மேலதிகாரியின் அறை வாசலில் காத்திருக்கும்போதோ தோள் தானாக ஏறிக்கிடப்பது தெரியவரும். தெரிந்தால் இறக்கலாம்.

மூச்சின் கதை இன்னும் சுவையானது. இதயத் துடிப்பை நாம் நினைத்தபடி மாற்ற முடியாது, மூச்சை மாற்ற முடியும். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் என்னும் நரம்பின் வழியாக இதயம் சற்று மெதுவாகிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 23 பேரிடம் ஒரு சோதனை செய்தது. லத்தீன் மொழியில் செபமாலை செபத்தைச் சொல்லச் செய்தார்கள்; பிறகு ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்ற மந்திரத்தைச் சொல்லச் செய்தார்கள். இரண்டின்போதும் மூச்சின் எண்ணிக்கை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது; இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் சீரான தாளத்துக்கு வந்தது. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. அவரவர் சமயத்துச் சொல்லையே திரும்பச் சொல்லலாம் என்று யாழ்ப்பாணத்தில் விட்டது பண்பாட்டு மரியாதை மட்டும் இல்லை, அதற்கு உடலியங்கியலும் துணை நிற்கிறது என்று இதைக் கொண்டு சொல்லத் தோன்றுகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்த முறைகள் நம் கரைக்கே வந்து சேர்ந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பேரழிவு அது. அடுத்த சில வாரங்களில் பெங்களூரிலிருந்து யோக ஆய்வாளர் ஷெர்லி டெல்லஸின் குழுவினர் அந்தமானுக்குப் போய், உயிர்பிழைத்த 47 பேருக்கு ஒரு வாரம் யோகப் பயிற்சி அளித்தார்கள். அச்சமும் பதற்றமும் துக்கமும் தூக்கக் கேடும் குறைந்ததாகப் பதிவு செய்தார்கள். நாகப்பட்டினத்து முகாம்களில் 183 பேருடன் நடந்த ஆய்வு இன்னும் விரிவானது. சில முகாம்களில் மூச்சுப் பயிற்சி, சிலவற்றில் மூச்சுப் பயிற்சியோடு நடந்ததைப் பேசவைக்கும் சிகிச்சை, சிலவற்றில் ஆறு வாரக் காத்திருப்பு என்று பிரித்தார்கள். மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் மனவடு அறிகுறிகள் வெகுவாக இறங்கின. காத்திருந்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. 2010-இல் வெளியான இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தவர்கள், மூச்சுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடப் பெரிதாக முந்திவிடவில்லை.

மூன்றாவதாக, அமெரிக்கரான பீட்டர் லெவின் உருவாக்கிய ‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்’ முறையை ஒட்டிய சிகிச்சை. நடந்ததை விலாவாரியாகச் சொல்லச் சொல்லாமல், இப்போது உடம்பில் எங்கே இறுகுகிறது, எங்கே நடுங்குகிறது, எங்கே ஓரளவு சுகமாக இருக்கிறது என்று கவனத்தை மெல்ல நகர்த்துவது அதன் பாணி. தமிழகக் கடலோரத்தில் 150 பேருக்கு 75 நிமிடம், ஒரே ஒரு முறை இதை அளித்தார்கள். எட்டு மாதம் கழித்துக் கேட்டபோது 90 விழுக்காட்டினர் அறிகுறிகள் நன்றாகக் குறைந்துவிட்டன அல்லது அறவே இல்லை என்றார்கள். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட அங்கே ஒரு குழு இல்லை. எட்டு மாதத்தில் காலமே ஆற்றியது எவ்வளவு, உறவும் ஊரும் ஆற்றியது எவ்வளவு, அந்த 75 நிமிடம் ஆற்றியது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. இந்த 90 விழுக்காட்டை விளம்பரம்போல எடுத்துச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உறுதியான சான்று வேண்டுமென்றால் பாஸ்டனில் பெசல் வான் டெர் கோல்க் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். பல ஆண்டுகளாக மனவடுவோடு வாழ்ந்து, வேறு சிகிச்சைகளில் குணம் காணாத 64 பெண்கள். ஒரு பகுதியினருக்குப் பத்து வாரம் யோகம். மற்றவர்களுக்கு அதே பத்து வாரம் உடல்நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகக் குழுவின் 31 பேரில் 16 பேர் மனவடு நோய்க்கான வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வகுப்புக் குழுவில் 29 பேரில் 6 பேர். இன்னொரு பக்கமாகப் பார்த்தால், யோகம் செய்த 15 பேர் அந்த வரையறைக்குள்ளேயே இருந்தார்கள். ஆகவே உடல்வழிச் சிகிச்சை ஒரு நல்ல கதவு. எல்லோருக்கும் அதுவே முழுவீடு ஆகிவிடாது. நடந்ததை நினைவிலிருந்து எடுத்துப் பேசி ஆறும் உளச்சிகிச்சைகளுக்கு இன்றும் இவற்றைவிட அதிக ஆதாரம் இருக்கிறது.

அந்தப் பாஸ்டன் யோகம் நம் ஊர் வகுப்புகளிலிருந்து வேறுபட்டது. ஆசிரியர் தொட்டுத் திருத்துவதில்லை. ‘கையை உயர்த்து’ என்று ஆணையிடுவதில்லை; ‘விரும்பினால் உயர்த்திப் பார்க்கலாம்’ என்பார். கண்ணை மூடச் சொல்வதும் இல்லை. தன் உடம்பின்மேல் தனக்கே அதிகாரம் இல்லாமல் போன ஒரு பெண்ணுக்கு, அனுமதி கேட்காமல் தோளில் வைக்கப்படும் கை, அது எவ்வளவு அன்பான கையாக இருந்தாலும், பழைய அச்சத்தைத் திறந்துவிடலாம். இந்த நுணுக்கம் இங்கே இன்னும் போதுமான அளவு பரவவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தளர்வே சிலருக்குப் பதற்றம் தருவதும் உண்மை. எப்போதும் விழிப்போடு இருந்து உயிர்காத்தவருக்கு, கண்ணை மூடிக் கிடப்பது காவலைக் கைவிடுவதுபோல இருக்கும். அப்படிப்பட்டவர்கள் கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் படுவதை உணர்ந்து, அறையில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். வேகமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சிகளைக் கர்ப்பிணிகளும், வலிப்பு, இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. நெஞ்சுவலி வந்தால் அதைப் பதற்றம் என்று தாமாகவே முடிவுகட்டிக்கொள்ளவும் கூடாது. முதலில் இதயத்தைச் சோதிக்க வேண்டும்.

ஒரே அமர்வில் ஆயுள்காலத் துயரத்தை வெளியே எடுத்துவிடுவோம் என்று பெரிய கட்டணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. என்ன படித்தீர்கள், எங்கே பயின்றீர்கள் என்ற கேள்விக்கும், தொடாமல் செய்ய முடியுமா என்ற கேள்விக்கும், நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்பவரிடம் போகலாம்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால், பழைய காட்சிகள் கண்முன் திரும்பத் திரும்ப வந்தால், வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு எழுந்தால், மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிட வேண்டாம். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926. என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் தலையிடி என்றோ பெருமூச்சு என்றோ தொடங்குங்கள்.