கட்டும் உரிமை யாருடைய உரிமை?

(மாணவர் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

'வயலையும் காட்டையும் காப்பாத்த ஒரு புது வழி இருக்காம், அதப்பத்திப் பேசுங்க' என்று கூப்பிட்டீர்கள். கவிதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டேன். 'நீங்க பேங்க்ல பத்திரம் பாக்குறவர்தானே' என்றார்கள். சரி, பத்திரம் பார்க்கிறவனாகவே பேசுகிறேன்.

நாம் நிலம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணுக்கு அது பல உரிமைகள் சேர்ந்த ஒரு கட்டு. உழுவது, குத்தகைக்கு விடுவது, அடகு வைப்பது, விற்பது, வீடு கட்டுவது எல்லாம் தனித்தனி உரிமை. இதில் கட்டும் உரிமையை மட்டும் உருவி எடுத்து, வேறு இடத்தில் கட்டுகிறவனிடம் விற்கலாம் என்பதுதான் டி.டி.ஆர். தமிழில் வளர்ச்சி உரிமை மாற்றம் என்கிறார்கள். யாருடைய வளர்ச்சி என்பதை அப்புறம் பார்ப்போம்.

இதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்து மான்ட்கோமரி கவுண்டி. வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கம். நகரம் வீங்கி வயலைத் தின்ன ஆரம்பித்தது. 1980-இல் கவுண்டி நிர்வாகம் 93,000 ஏக்கரை, மொத்தப் பரப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கை, விவசாயக் காப்பு நிலம் என்று ஒதுக்கியது. அதற்கு முன் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம். புது விதியில் 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான். 100 ஏக்கர் வைத்திருப்பவருக்கு 20 வீடு 4 வீடாகச் சுருங்கியது. சும்மா விடுவாரா? அதற்கு ஈடாக ஐந்து ஏக்கருக்கு ஒன்று வீதம் 20 உரிமைகளைக் கொடுத்தார்கள். நகரத்தை ஒட்டிக் குறித்துவைத்த பகுதிகளில் கட்டுகிற பில்டர் அதை வாங்கினால், ஒரு உரிமைக்கு ஒரு வீடு கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். விற்ற பிறகு அந்த நிலத்தின் பதிவிலேயே தடை ஏறிவிடும். நாளைக்கு யார் வாங்கினாலும் அது கட்டுப்படுத்தும். அரசாங்கம் நிலத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. இப்படி 50,000 ஏக்கருக்கு மேல் இன்றும் வயலாக நிற்கிறது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வயல் பிளாட் ஆனால் முதலில் வேலை போவது நம் ஜனத்துக்குத்தான். நடவுக்குப் போன அம்மா அடுக்குமாடியில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள்.

ஆனால் இந்தக் கணக்கில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏக்கர் வைத்திருப்பவர் இருக்கிறார், பில்டர் இருக்கிறார். கூலிக்கு உழுகிறவருக்கு அரை உரிமைகூடக் கிடையாது. அதே மான்ட்கோமரியின் மேற்குப் பக்கம் சுகர்லாண்ட் என்று ஓர் ஊர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1871-இல் காசு சேர்த்து நிலம் வாங்கி உண்டாக்கியது. தலைமுறை தலைமுறையாக உழைப்பை உறிஞ்சிய பண்ணைகளுக்கு நடுவே அவர்கள் கைக்கு வந்தது சின்னச் சின்னத் துண்டு. ஐந்து ஏக்கர் என்பதை அளவுகோலாக வைக்கும்போது துண்டு நிலத்துக்காரர் அதில் எங்கே நிற்பார்?

இங்கே வருவோம். பம்பாயில் 1991 விதிகளிலேயே இது வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 2019 கட்டட விதிகளில், சாலை மாதிரி பொதுக் காரியத்துக்கு நிலம் விடுகிறவருக்கு டி.டி.ஆர் உண்டு. இதை ஏரி, சதுப்பு, நஞ்சை எல்லாவற்றையும் காக்க நீட்டலாம் என்று சுற்றுச்சூழல் நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'கிராமத்தை அப்படியே காப்போம்' என்கிறார்கள். எந்த 'அப்படியே'? ஊர் தனி, சேரி தனி, சுடுகாடு தனி. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். சேரியைச் சுற்றி உள்ள நஞ்சையில் இனி கட்டக் கூடாது என்று தடை வந்தால், மூன்று சென்ட்டில் மூன்று குடும்பமாக இருக்கிறவன் மகன் எங்கே வீடு கட்டுவான்? நமக்கு மனைப்பட்டா கொடுக்காத நில உடைமையாளருக்கு அது பசுமையான காரணமாகவும் ஆகிவிடும்.

இன்னொன்று, இதைவிட ஆபத்தானது. பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வெள்ளை அரசாங்கம் ஒதுக்கியது. 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பத்து வருஷத்துக்கு விற்க, அடகு வைக்க, தானம் கொடுக்க முடியாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்கலாம். யோசித்தால் இதுவும் கட்டிலிருந்து ஓர் உரிமையை உருவி வைத்ததுதான். விற்கும் உரிமையை, நம்மைக் காக்க உருவினார்கள். என்ன நடந்தது? நிலம் போய்விட்டது. கேட்டதற்கு 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

எப்படிப் போனது என்பதற்கு என் மேஜையிலேயே ஒரு விடை இருக்கிறது. கடன் கேட்டு வருகிறவரிடம் வில்லங்கச் சான்று கேட்போம். மிஞ்சினால் முப்பது வருஷத்துக்கு. அதில் ஒரு வில்லங்கமும் இருக்காது. 1892-இன் நிபந்தனை முப்பது வருஷத்துக்குள் எப்படித் தெரியும்? தாள் சுத்தம், நிலம் திருட்டு.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பஞ்சமி நிலம் ஓர் ஆதிக்கச் சாதிக்காரர் பேரில் பட்டாவாகி இருக்கிறது. அந்த வட்டாரத்தைக் காப்பு நிலம் என்று அறிவிக்கிறார்கள். உரிமைச் சான்றிதழ் யாருக்குப் போகும்? பட்டாதாரருக்கு. அவர் அதை நகரத்து பில்டரிடம் விற்றுக் காசாக்கிவிடுவார். இருபது வருஷம் வழக்கு நடத்தி நிலத்தை நாம் மீட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வருவது கட்டும் உரிமை கழன்ற நிலம். வீடு கட்ட முடியாது, பள்ளிக்கூடம் கட்ட முடியாது. அந்த உரிமை எங்கோ பத்தாவது மாடியாக நின்றுகொண்டிருக்கும். அதைப் போய் யாரிடம் மீட்பீர்கள்?

அதனால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. எந்தச் சர்வே எண்ணுக்கும் சான்றிதழ் கொடுக்கும் முன், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் அது பஞ்சமி இல்லை என்று வருவாய்த்துறை எழுதித் தர வேண்டும். சேரி விரிவதற்கான இடத்தைத் தடைக்கு வெளியே முதலிலேயே அளந்து வைக்க வேண்டும். உரிமை விற்ற பணத்தில் அந்த நிலத்தில் உழைக்கிறவர்களுக்குப் பங்கு வேண்டும். பங்கு என்றால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இதற்குத் திட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. உங்கள் ஊர் அ-பதிவேட்டின் நகலையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எண் எண்ணாக ஒப்பிடுங்கள். எண்கள் மாறியிருக்கும், பொறுமையாகத்தான் பார்க்கணும். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருப்பேன், வாங்க.