முள் சொல்லும் பொய்யும் மெய்யும்

1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளை வழியே எல்லை கடந்து செல்லும் பாதையில் அக்காலம் தொட்டு ஓடியவை அம்பாசிடர் வண்டிகள். உத்தர்பாராவில் அவற்றின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆகவே, உள்ளதைப் பழுதுபார்த்துப் பேணுவதே அறிவுடைமை.

பழைய கார்கள் பலவற்றில் பெட்ரோல் முள்ளையும் வெப்ப முள்ளையும் அசைப்பது, மின்சாரத்தால் சூடேறி வளையும் ஈருலோகத் தகடு. பாட்டரியின் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், இவ்விரு முட்களுக்கும் சராசரி 10 வோல்ட்டே செல்லுமாறு ஒரு சிறிய சீராக்கி காக்கின்றது.

இரு முட்களும் ஒருங்கே மிகுத்துக் காட்டுமாயின், சீராக்கியையோ அதன் எர்த் இணைப்பையோ ஐயுற வேண்டும். பாட்டரிக் கம்பியைக் கழற்றிய பின், துருவைச் சுரண்டி அவ்விணைப்பை இறுக்கினாலே பலவேளை குறை தீரும்.

வெப்ப முள் மட்டும் அசையாதிருப்பின், சாவியைத் திருப்பி, எஞ்சினில் உள்ள வெப்ப உணர்கருவியின் கம்பியைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொடுவோம். முள் மெல்ல ஏறத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மானி கருகும். முள் ஏறினால் மானி நலமே, குறை உணர்கருவியுடையது. பெட்ரோல் தொட்டியருகே இச்சோதனை ஆகாது. ஒரு பொறியே போதும்.

முள் பொய் சொல்லும் என்று பழகிவிட்டோமாயின், நீர் வற்றி எஞ்சின் கொதிக்கும் நாளில் அது சொல்லும் மெய்யையும் நம்பமாட்டோம்.