கைத்தொலைபேசியில் காணாமற்போன செய்தி



நான் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் படிக்கும் மாணவி. நாட்டு நடப்பு, தொழில்நுட்பம், பொருளாதாரம் பற்றியெல்லாம் இன்றைய மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இந்த வானொலியில் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். என் வயதுக்காரரிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டு வாடகை, வட்டி வீதம், செயற்கை நுண்ணறிவு, ட்ரம்பின் வரி, கொழும்பு அரசியல் என்று எதைக் கேட்டாலும் உடனே ஒரு பதில் வைத்திருப்போம். அந்தப் பதிலுக்கு வேண்டிய தகவல் எங்களுக்கு எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் சில காலமாக என்னை வருத்துகிற விஷயம். அதைப் பற்றியே இன்றைக்குப் பேசுகிறேன்.

2023 கோடைகாலத்தை நினைத்துப் பாருங்கள். யூலை 24ஆம் திகதி மாலை, எங்கள் ஸ்காபரோ ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு விலகியது. ஐந்து பேர் காயமடைந்தார்கள். அன்றிரவே அந்தப் படங்களை எல்லோரும் இன்ஸ்ரகிராமில் செய்தி நிறுவனங்களின் பக்கங்களிலேயே பார்த்தோம். ஒரு மாதம் கழித்து, 1985இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் இனி ஓடவே மாட்டாது, பஸ்தான் என்று ரொறன்ரோப் போக்குவரத்து நிறுவனமான ரி.ரி.சி. அறிவித்தது. கென்னடி நிலையத்திலிருந்து ஸ்காபரோ சென்ரருக்குத் தினமும் போய்வந்த மாணவர்களுக்கு விபத்தை விடப் பெரிய செய்தி அதுதான். ஆனால் அது இன்ஸ்ரகிராமில் அந்தப் பக்கங்கள் வழியாக வரவில்லை. இடைப்பட்ட ஓகஸ்ட் 1ஆம் திகதி, கனடாவில் இருப்பவர்களுக்கு முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் செய்தி காட்டுவதை நிறுத்தும் வேலையை அவற்றின் உரிமையாளரான மெற்றா நிறுவனம் தொடங்கியிருந்தது. செப்ரெம்பர் 15ஆம் திகதி, வீடுவீடாக இலவசமாக வந்துகொண்டிருந்த 'ஸ்காபரோ மிரர்' உட்பட எழுபது வரையான உள்ளூர்ப் பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பை மெற்றோலான்ட் நிறுவனம் நிறுத்தியது. 605 பேருக்கு வேலை போனது. ரயில், கைத்தொலைபேசிச் செய்தி, உள்ளூர்ப் பத்திரிகை மூன்றையும் ஸ்காபரோ இரண்டு மாதத்துக்குள் இழந்தது.

ரயில் போனது எல்லோருக்கும் தெரியும். செய்தி போனது பலருக்கு இன்னும் தெரியாது. மக்கில், ரொறன்ரோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஊடக ஆய்வாளர்கள் ஒரு வருடம் கழித்து ஆராய்ந்தபோது, இந்தத் தடையைப் பற்றி அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு 22 பேர் மட்டுமே. முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் கனடியச் செய்தி நிறுவனங்களுக்குக் கிடைத்துவந்த பார்வையாளர் ஈடுபாட்டில் 85 வீதம் இல்லாமற் போயிருந்தது. இல்லாமற் போனதும் தெரியாமல் இருக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

இந்தத் தடையின் வேர் பணத்தில் இருக்கிறது. 2020இல் கனடாவில் இணைய விளம்பரத்துக்குச் செலவான தொகை ஏறத்தாழ 970 கோடி டொலர். அதில் ஐந்தில் நான்கு பங்கை கூகிளும் முகநூலும் எடுத்துக்கொண்டதாக அரசாங்கம் சொன்னது. விளம்பரப் பணத்தில் சீவித்த பத்திரிகைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 2008க்கும் 2021க்கும் இடையில் 450க்கும் மேற்பட்ட செய்தி நிறுவனங்கள் மூடப்பட்டன. இதற்குப் பரிகாரமாக ஒட்டாவா கொண்டுவந்ததுதான் சி-18 என்ற சட்டமூலம். 2023 யூன் 22இல் அது சட்டமானது. செய்தியையோ செய்தி இணைப்பையோ தங்கள் தளத்தில் காட்டும் மிகப் பெரிய நிறுவனங்கள், செய்தி நிறுவனங்களோடு பேசி அவற்றுக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

மெற்றா மறுத்தது. செய்தி நிறுவனங்கள் தாங்களாகவே வந்து இணைப்புகளைப் போடுகின்றன, அதனால் வாசகர்களையும் பெறுகின்றன, எங்கள் தளத்தில் செய்தியின் பங்கு 3 வீதத்துக்கும் குறைவு, பிறகு நாங்கள் ஏன் பணம் தரவேண்டும் என்று கேட்டது. இந்தக் கேள்வியில் நியாயம் துளியும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இணைப்பைக் காட்டினால் பணம், காட்டாவிட்டால் பணமில்லை என்று எழுதிய சட்டம், வெளியேறும் வழியைத் தானே திறந்து வைத்துவிட்டது. 2021 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவிலும் இதே நிறுவனம் செய்தியைத் தடுத்தது. அங்கே ஒரு வாரத்துக்குள் அரசாங்கம் சட்டத்தில் திருத்தங்களுக்கு உடன்பட, செய்தி திரும்பி வந்தது. கனடாவிலும் அப்படி ஏதோவொரு சமரசம் வரும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஆனால் வியாபாரப் பிணக்கை ஒரு நாட்டின் பாதுகாப்போடு சேர்த்து விளையாடியதை என்னால் ஏற்கமுடியாது. 2023 ஓகஸ்ட் நடுப்பகுதியில் வடமேற்குப் பிரதேசங்களில் காட்டுத்தீ யெலோநைஃப் நகரத்தை நெருங்கியது. ஏறத்தாழ 20,000 பேர் வாழும் நகரம் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். எந்த வீதி திறந்திருக்கிறது, எங்கே எரிபொருள் கிடைக்கும் என்ற செய்திகளை மக்கள் முகநூலில் பகிர முடியவில்லை. செய்தி தெரியும் திரையைப் படம் பிடித்துத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். அவ்வளவு அவலத்திலும் மெற்றா தடையை நீக்கவில்லை. அந்த முடிவுக்கு எந்தக் கணக்கும் சமாதானம் சொல்லாது.

எங்கள் தமிழ்ச் சமூகத்துக்கு இதில் தனியான ஓர் இழப்பு உண்டு. இந்தத் தடை கனடியச் செய்திக்கு மட்டும் உரியதல்ல. கனடாவிலிருந்து பார்த்தால் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை, சென்னைத் தொலைக்காட்சி, லண்டன் வானொலி ஆகியவற்றின் இன்ஸ்ரகிராம் பக்கமும் வெறுமையாகத்தான் இருக்கும். செய்தி இருந்த இடத்தில், கனடாவில் உள்ளவர்கள் இதைப் பார்க்கமுடியாது, அரசாங்கத்தின் சட்டமே காரணம் என்று சொல்லும் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று நிற்கும். 2022 யூலை 9இல் கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்ததை, இங்கே பிறந்த பிள்ளைகள் அந்தச் செய்திப் பக்கங்களில் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தார்கள். இலங்கை பற்றி வீட்டில் கேள்வி கேட்காத பிள்ளைகளும் அன்றைக்குக் கேட்டார்கள். 2024 செப்ரெம்பர் 21இல் அநுர குமார திசாநாயக்க வென்ற இலங்கை ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது அதே பக்கங்கள் மூடிக் கிடந்தன.

இந்த வெற்றிடத்துக்குள் வந்து சேர்ந்தவை திரைப்படங்கள்தான். நான் சொல்வது சினிமாவை அல்ல, கைத்தொலைபேசித் திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுக்களில் அனுப்புகிறோமே, அவற்றை. வட்ஸ்அப்பும் மெற்றாவினதுதான், ஆனால் அங்கே செய்தி இணைப்பு அனுப்பத் தடையில்லை. இருந்தாலும் படம் அனுப்பும் பழக்கம் நிலைத்துவிட்டது. அந்தப் படத்தில் தலைப்பு இருக்கும். திகதியும் பத்திரிகையின் பெயரும் பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

திகதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் படிப்புத் தவணைக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பது பழைய விதி. 2022 நவம்பர் 15இலிருந்து அந்த எல்லையை அரசாங்கம் தற்காலிகமாக எடுத்துவிட்டது. 2024 ஏப்ரல் 30உடன் அந்தச் சலுகை முடிந்து, எல்லை திரும்பவும் 20 ஆனது. 2024 நவம்பர் 8இல் 24 ஆக்கினார்கள். ஆக, "மாணவர்கள் எத்தனை மணித்தியாலமும் வேலை செய்யலாம்" என்ற தலைப்பு ஒரு காலத்தில் உண்மை. அதையே 2024 ஒக்ரோபர் மாதம், தவணை நடக்கும்போது ஒருவர் நம்பி, கடையில் வாரத்துக்கு 35 மணித்தியாலம் நின்றால், அவர் படிப்பு அனுமதியின் நிபந்தனையை மீறியவர் ஆகிறார். அடுத்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அது அவருடைய எதிர்காலத்தையே கேள்விக்குறி ஆக்கலாம். பொய் சொல்பவர் யாரும் இதில் இல்லை. பழைய உண்மை ஒன்று திகதி இழந்து வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

இனி எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளைப் பார்ப்போம். தமிழ்க் கடைக்குள் நுழையும்போது கதவோரத்தில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, 'தாய்வீடு', 'உதயன்' போன்றவை, அவற்றை ஒருமுறை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். வீடு விற்பனை முகவர், வீட்டுக் கடன் முகவர், காப்புறுதி, சட்டத்தரணி, அரங்கேற்ற வாழ்த்து, மரண அறிவித்தல். அந்த விளம்பரங்கள்தான் அச்சுக்கூலியையும் எழுதுபவர்களையும் தாங்குகின்றன. கனடிய மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை 2022 மார்ச் தொடக்கம் 2023 யூலை வரை 0.25 வீதத்திலிருந்து 5 வீதத்துக்கு உயர்த்தியது. ரொறன்ரோப் பகுதியில் 2021இல் 1,20,000க்கும் மேல் விற்ற வீடுகள், 2023இல் 66,000 அளவுக்கு இறங்கின. விற்பனை படுத்துவிட்டால் முகவர் முதலில் குறைப்பது விளம்பரச் செலவைத்தான். பொருளியல் வகுப்பில் வட்டி வீதம் முதலீட்டையும் விலைவாசியையும் எப்படிப் பாதிக்கிறது என்று படிக்கிறோம். ஒரு சிறுபான்மை மொழியின் பத்திரிகை எத்தனை பக்கத்தோடு வரும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது என்பதை நான் கடைக் கதவோரத்தில்தான் கண்டுகொண்டேன்.

சி-18 சட்டத்தால் வந்த பணம் எங்களவர்களுக்கு உதவியதா என்று கேட்பீர்கள். 2023 நவம்பர் 29இல் கூகிள் அரசாங்கத்தோடு உடன்பட்டு, வருடத்துக்கு 100 மில்லியன் டொலர் தர ஒப்புக்கொண்டது. அதில் பொது ஒலிபரப்பாளரான சி.பி.சி.க்கு 7 வீதத்துக்கு மேற்படாமல், மற்ற ஒலி, ஒளிபரப்பாளர்களுக்கு 30 வீதத்துக்கு மேற்படாமல், மிச்சம் பத்திரிகைகளுக்கும் இணைய இதழ்களுக்கும் என்று பங்கு பிரித்தார்கள். பங்கு கேட்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் வழிகளில் ஒன்று, குறைந்தது இரண்டு செய்தியாளர்களைத் தொடர்ந்து வேலைக்கு வைத்திருப்பது. ஒரே ஆள் ஆசிரியராகவும் நிருபராகவும் இருந்து, விளம்பரமும் சேகரித்து, காரில் கொண்டுபோய்க் கடை கடையாகப் போட்டும் வருகிற பத்திரிகைக்கு அந்த வழி மூடிக் கிடக்கிறது. புலம்பெயர்ந்த சமூகங்களின் ஊடகங்கள் பல அப்படித்தான் வளர்ந்தன. இந்தச் சட்டத்தை எப்போது திருத்தினாலும் இந்த இடத்தை முதலில் திருத்தவேண்டும் என்பது என் திடமான கருத்து.

செய்தி இன்ஸ்ரகிராமில் இல்லாவிட்டால் என்ன, சற்ஜிபிரியிடம் கேட்கலாமே என்று என் நண்பர்கள் சொல்வார்கள். இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்கு மதிப்பு உண்டு. அதன் அடிப்படைகளில் ஒரு பங்கு எங்கள் பல்கலைக்கழகத்திலேயே வளர்ந்தது. பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்ரன் 2024இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட கண்டுபிடிப்புகளுக்காகத்தான். ஆனால் ஸ்காபரோ சிவிக் சென்ரரில் நடக்கும் கூட்டத்துக்கு அந்த இயந்திரம் போய் உட்காராது. எந்தச் சந்திக்குச் சமிக்ஞை விளக்கு வேண்டும், எந்த பஸ் தடத்தை வெட்டப் போகிறார்கள் என்று ஒரு நிருபர் போய்க் குறிப்பெடுத்து வந்தால்தான் அதற்கும் சொல்ல ஏதாவது இருக்கும். 2024 நவம்பரில் ரொறன்ரோ ஸ்ரார், குளோப் அன்ட் மெயில், சி.பி.சி. முதலிய நிறுவனங்கள் சேர்ந்து, தங்கள் செய்திகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஓப்பன் ஏஐ மீது ஒன்ராறியோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. முகநூலோடு நடந்த அதே பணப் பிணக்கு இப்போது வேறு வாசலில் வந்து நிற்கிறது.

2025 ஏப்ரல் 28இல் நடந்த பொதுத் தேர்தல், முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் செய்தி இல்லாமல் கனடா சந்தித்த முதல் பொதுத் தேர்தல். அதில் தமிழர்களான ஹரி ஆனந்தசங்கரியும் யுவனிதா நாதனும் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். என்னைப் போன்ற பலர் அப்போதுதான் முதல் முறையாகக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களித்தோம். கட்சிகள் தாங்களே போட்ட காணொளிகள் எங்கள் திரையை நிறைத்தன. அவற்றைச் சரிபார்த்து எழுதிய செய்தியாளரின் கட்டுரை அந்தத் திரைக்கு வரவில்லை. தேடிப் போனவர்கள் வாசித்தார்கள். மற்றவர்கள் விளம்பரத்தைப் பார்த்து வாக்களித்தார்கள்.

நேயர்களே, சட்டத்தை ஒட்டாவா திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரொறன்ரோ பொது நூலக அட்டை ஒன்று இருந்தால் 'பிரஸ்ரீடர்' ஊடாகப் பல நாளேடுகளை வீட்டிலிருந்தே இலவசமாக வாசிக்கலாம். ரொறன்ரோவில் வசிப்பவர்களுக்கு அட்டைக்கும் காசு இல்லை. உங்கள் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ அதை எடுத்துக் கொடுங்கள். தமிழ்க் கடைக்குப் போனால் கதவோரப் பத்திரிகையை ஒன்று எடுத்துவந்து வீட்டு மேசையில் வையுங்கள். வியாபாரம் செய்பவர்கள் வருடத்தில் ஒரு விளம்பரமாவது அதற்குக் கொடுங்கள். இன்றிரவு வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பப் போகிறீர்கள் என்றால், படத்துக்குப் பதிலாக இணைப்பை அனுப்புங்கள். இணைப்பு இல்லாவிட்டால் எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி என்று ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.