எட்டுத் தலைப் பாம்பும் இவாமி முரசும்



ஜப்பானின் மேற்குப் பகுதியில், ஷிமானே மாநிலத்து மலைகளில் பிறந்து இசுமோ சமவெளிக்கு இறங்கி வருகிறது ஹீ ஆறு. கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட ‘கோஜிகி’ என்ற நூல் இந்த ஆற்றங்கரையில் நடந்ததாக ஒரு கதை சொல்கிறது.

சூரிய தேவி அமதெராசுவின் தம்பி சுசானோ. முரடன். வானுலகிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து இறங்குகிறான். ஆற்றில் சாப்பிடும் குச்சி ஒன்று மிதந்து வருகிறது. மேலே ஆள் குடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு கரையோடு நடக்கிறான். ஒரு கிழவனும் கிழவியும் தங்கள் மகளை நடுவில் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். பெற்றது எட்டுப் பெண்கள். ஏழு பேரை யமாத்தா நோ ஒரோச்சி என்ற பாம்பு விழுங்கிவிட்டது. மிஞ்சியவள் இவள் ஒருத்திதான். அது வரும் காலமும் நெருங்கிவிட்டது.

ஒரோச்சிக்குத் தலை எட்டு, வால் எட்டு. செக்கச்சிவந்த கண்கள். முதுகில் பாசியும் மரங்களும் முளைத்திருக்கும். உடம்பு எட்டுப் பள்ளத்தாக்கையும் எட்டுக் குன்றையும் அடைத்துக் கிடக்கும். சுசானோ அந்தப் பெண்ணைச் சீப்பாக உருமாற்றித் தன் தலையில் செருகிக்கொள்கிறான். வேலி கட்டி, எட்டு வாசல் வைத்து, வாசலுக்கொரு தொட்டியாகக் காட்டமான அரிசி மதுவை நிரப்பச் சொல்கிறான். தலைக்கொரு தொட்டியில் முகம் புதைத்துக் குடித்துவிட்டுப் பாம்பு மயங்கிக் கிடக்கும்போது வெட்டிப் போடுகிறான். ஆறு இரத்தமாக ஓடுகிறது. வாலை வெட்டும்போது அவன் வாளின் கூர் சிதைகிறது; பிளந்து பார்த்தால் உள்ளே வேறொரு வாள்! ஜப்பானிய அரச குலத்தின் மூன்று புனிதப் பொருள்களில் ஒன்று அது. நகோயாவின் அட்சுதா கோயிலில் இருப்பதாக ஐதீகம்.

ஆண்டுதோறும் ஊரை அழித்த ஆற்று வெள்ளம்தான் இந்தப் பாம்பு என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இரும்பு மணல் எடுத்து உருக்கிய மலைப்பகுதியின் கதை இது என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் கதை வாளில் போய் முடிகிறது. அந்த மலைப்பகுதியான ஒகுஇசுமோவில் இன்றும் குளிர்காலத்தில் பழைய முறையில் களிமண் உலை கட்டி, வாள் செய்யும் கொல்லர்களுக்கான எஃகை எடுக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பாம்பு 1300 ஆண்டுகளாக உயிரோடிருப்பது ஏட்டினால் மட்டுமல்ல, முரசினாலும்தான். ஷிமானேயின் மேற்குப் பகுதியான இவாமியில் ‘ககுரா’ என்ற கோயில் கூத்து இருக்கிறது. பெரிய முரசு, சிறிய முரசு, கைத்தாளம், புல்லாங்குழல், இவ்வளவுதான் வாத்தியம். முன்பு கோயில் பூசாரிகள் ஆடிவந்தார்கள். மெய்ஜி பேரரசர் காலத்து அரசு, அவர்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டதும் ஊர்க்காரர்கள் கூத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் தாளம் வேகம் பிடித்தது. தடை போட்ட அரசு நினைத்தே பார்த்திருக்காத விளைவு இது!

பாம்பின் உடம்பும் மெய்ஜி காலத்தில்தான் மாறியது. மூங்கில் வளையங்களின் மேல் கைக்காகிதம் ஒட்டிச் செய்த 17 மீட்டர் நீள உடல், ஆர்மோனியத் துருத்திபோலச் சுருங்கி விரியும். கூத்தில் ஒரோச்சி தனித்தனிப் பாம்புகளாக வரும்; ஒரு பாம்புக்கு உள்ளே ஒரே ஓர் ஆள். முகமூடியும் காகிதம்தான். களிமண் அச்சின்மேல் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் உள்ளே இருக்கும் மண்ணை உடைத்து எடுத்துவிடுவார்கள். வாயில் தீப்பொறி கக்கியபடி பாம்புகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்ளும்போது, உள்ளே இருப்பவருக்கு வெளியே நடப்பது சரியாகத் தெரியாது. முரசொலிதான் அவருக்கு வழிகாட்டி. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் பல பாம்புகள் ஒன்றாக ஆடியபின் இந்தக் கூத்தின் புகழ் நாடெங்கும் பரவியது. இன்று இவாமியில் மட்டும் 130க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

பொம்மலாட்ட மேடைக்கு 1718இலேயே சிகாமட்சு மொன்சயெமோன் இக்கதையைக் கொண்டுவந்தார். திரையில் இதற்கு இசை தந்தவர் அகிரா இஃபுகுபே. ‘காட்சில்லா’வின் இசையமைப்பாளர் என்றால் பலருக்குத் தெரியும். சுசானோ கதை வரும் 1959ஆம் ஆண்டுப் படம், 1963இல் டோயி நிறுவனம் எடுத்த ஒரோச்சி வதக் கார்ட்டூன் படம், 1964இல் மூன்று தலை அசுர மிருகம் கிடோரா முதன்முதலில் தோன்றிய படம், மூன்றுக்கும் அவர்தான் இசை. பல தலைப் பாம்பின் பாரத்தை ஒலியில் காட்டத் தெரிந்தவர் என்று தயங்காமல் சொல்வேன்.

இவாமி ககுராவின் ஒரோச்சிக் கூத்து ஒளிப்பதிவாக இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு முரசையும் குழலையும் மட்டும் கேளுங்கள். பாம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.